இட்லி, பழைய சோறு, ஜவ்வரிசி: இதில் குடல் பாக்டீரியாவுக்குப் போய்ச் சேருவது எது?

இட்லியில் உயிரோடு பாக்டீரியா கிடையாது. மாவைப் பொங்க வைக்கும் லூக்கோநாஸ்டாக், லாக்டோபேசில்லஸ் எல்லாம் இட்லிப் பானையில் பத்து நிமிஷம் ஆவி பட்டதும் செத்துவிடும். "இட்லி ஒரு புரோபயாடிக்", அதாவது நல்ல பாக்டீரியாவை உயிரோடு உள்ளே தரும் உணவு, என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை நம்பி நாலு இட்லி கூடச் சாப்பிட்டுப் பயனில்லை. புளித்ததால் இட்லிக்குக் கிடைக்கும் நன்மை வேறு. உளுந்திலும் அரிசியிலும் தாதுச் சத்துகளைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் குறைந்து, இரும்பும் துத்தநாகமும் கொஞ்சம் கூடுதலாக உடம்பில் சேரும்.

குடல் பாக்டீரியா என்று பேச்சு வந்தாலே எல்லாரும் கேட்பது "எந்த கேப்சூல் வாங்கலாம்?" என்றுதான். வெளியிலிருந்து பாக்டீரியாவை உள்ளே அனுப்புவது ஒரு வேலை. ஏற்கனவே உள்ளே குடியிருப்பவைகளுக்குச் சோறு போடுவது இன்னொரு வேலை. மெடிக்கல் ஷாப்பில் விற்பது முதலாவது. நம் சேலத்துச் சாப்பாட்டில் பற்றாக்குறையாக இருப்பது இரண்டாவது.

பெருங்குடலில் நடப்பது

2016-ல் வந்த ஒரு திருத்தப்பட்ட கணக்குப்படி, 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்கின்றன. நம் சொந்த செல்கள் 30 லட்சம் கோடி. ஆக, கிட்டத்தட்ட சரிக்குச் சரி. "செல்களைவிடப் பத்து மடங்கு" என்பது பழைய தோராயம், இன்னும் மேடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. மொத்தத்தையும் எடை போட்டால் 200 கிராம் வரும். வயிற்றில் அமிலம், சிறுகுடலில் பித்தமும் வேகமும் இருப்பதால் அங்கெல்லாம் குறைவு. பெரும்பான்மை பெருங்குடலில்தான்.

அரிசி மாவுச்சத்து, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் சிறுகுடலிலேயே நமக்குச் சேர்ந்துவிடும். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்துதான் பெருங்குடல் வரைக்கும் போகும். பாக்டீரியா அதை நொதிக்க வைத்து அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்று மூன்று அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் உட்சுவரின் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் சுமார் 70 சதவீதத்தை பியூட்டிரேட்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சுவர் இறுக்கமாக இருப்பதற்கும், நோய் எதிர்ப்புச் செல்கள் வீணாகச் சண்டைக்குப் போகாமல் இருப்பதற்கும் இது உதவுகிறது. இதே அமிலங்கள் குடல் சுவரில் உள்ள சில செல்களைத் தூண்டி ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கும். பசி அடங்குவதிலும் இன்சுலின் சுரப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. சர்க்கரை நோய்ப் பேச்சில் குடல் பாக்டீரியா வந்து நிற்பது இந்த வழியாகத்தான்.

நார் வராவிட்டால் அவை பட்டினி கிடப்பதில்லை. குடல் சுவர் மேல் படிந்திருக்கும் சளிப்படலத்தைச் சுரண்டித் தின்னும். நாரில்லாத உணவு கொடுத்த எலிகளில் அந்தப் படலம் மெலிந்து, நோய்க்கிருமி சுலபமாக உள்ளே புகுந்ததைப் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், மிச்சப் புரதத்தை நொதிக்க வைத்து அமோனியாவையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் உண்டாக்கும். பிரியாணி மட்டுமே சாப்பிட்ட மறுநாள் வாயு அப்படி நாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனநிலையைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்பின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உண்டாவது உண்மை. ஆனால் அந்த செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியாகத் தொடர்பு உண்டு, ஆராய்ச்சி நடக்கிறது. அதை வைத்து "தயிர் சாப்பிட்டால் மனச்சோர்வு போகும்" என்பவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள்.

திப்பி எங்கே போகிறது?

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது, பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து. இந்தியப் பரிந்துரை 2,000 கலோரிக்கு 30 கிராம். சேலத்தில் ஒரு சாதாரண நாளைக் கணக்குப் போடுவோம். காலை நாலு இட்லியில் 4 முதல் 5 கிராம், அதிலும் பாதி உளுந்து தருவது. மதியச் சோற்றில் 3 அல்லது 4. சாம்பார்ப் பருப்பில் 3. ஒரு பொரியலில் 3. ராத்திரி தோசையில் 4. எப்படிக் கூட்டினாலும் 18 பக்கத்தில் நின்றுவிடுகிறது. சாயங்காலம் சாப்பிட்ட தட்டுவடை செட் மேல் கேரட், பீட்ரூட் துருவல் இருந்ததே என்று கேட்கலாம். அது முப்பது கிராம் இருந்தாலே பெரிது, நார் ஒரு கிராம் தேறும்.

இதில் ஜவ்வரிசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சேலத்தைச் சுற்றி சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் எத்தனை என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 1981-லிருந்து சேகோசர்வ் கூட்டுறவு சங்கமே இங்கே இருக்கிறது. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோல் சீவி, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலித்தால் பால் தனியாகவும் சக்கை தனியாகவும் பிரியும். பாலைத் தொட்டியில் தெளிய விட்டு எடுக்கும் மாவுதான் ஜவ்வரிசியாகிறது. சக்கைக்குப் பெயர் திப்பி. அதைக் காய வைத்து மாட்டுத் தீவனத்துக்கு ஏற்றி விடுகிறார்கள். கிழங்கில் இருந்த நார் முழுக்க அந்தத் திப்பியோடு போய், மாட்டின் வயிற்றில் உள்ள பாக்டீரியாவுக்குச் சேர்கிறது. நமக்கு வருவது ஏறத்தாழ வெறும் மாவுச்சத்து. வயிறு சரியில்லாதபோது ஜவ்வரிசிக் கஞ்சி நல்லதுதான், எளிதில் செரிக்கும். "குடலுக்கு நல்லது" என்று தினமும் உப்புமா கிண்டினால் பெருங்குடலுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதே கிழங்கை முழுசாக வேக வைத்துச் சாப்பிட்டால் கொஞ்சம் நார் கிடைக்கும். துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் உள்ள சயனைடு அப்படித்தான் வெளியேறும்.

30 கிராமில் 18 போகப் பற்றாக்குறை 12 கிராம். இதை நிரப்ப ஒரே ஒரு பொருள் போதும். கொண்டைக்கடலை காய்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தால் 12 கிராம் நார். பச்சைப்பயறு 50 கிராமில் 8. ராகி மாவு 100 கிராமில் 11, ஆனால் சலிக்காத மாவாக இருக்க வேண்டும். மில்லில் அரைத்து வந்ததும் நைஸாக வரட்டும் என்று சலித்துத் தவிட்டைக் கொட்டுவதோ, சர்க்கரை சேர்த்த ராகி மால்ட் டப்பா வாங்குவதோ இந்தக் கணக்கில் சேராது. கம்பு, சோளமும் 10, 11 கிராம் பக்கம்தான். உழவர் சந்தையில் கிடைக்கும் கொய்யா 100 கிராமில் 5-க்குக் குறையாது. ஏற்காட்டில் விளையும் பட்டர் ஃப்ரூட்டில் 100 கிராமுக்கு 6, 7 கிராம். ஜூஸ் கடையில் அதில் மூன்று கரண்டி சர்க்கரையும் ஐஸ்கிரீமும் போட்டுத் தருவார்கள். வடிகட்டாததால் நார் அப்படியே இருக்கும், சர்க்கரையும் அப்படியே இருக்கும்.

முதல் வாரமே 30 கிராமுக்குத் தாவுகிறவர்கள் இரண்டாம் வாரம் விட்டுவிடுகிறார்கள். வயிறு உப்பி, வாயு தொல்லை தாங்காது. நாரைத் தின்னும் பாக்டீரியா பெருகுவதற்கு நாள் பிடிக்கும். வாரத்துக்கு 4, 5 கிராம் என்று ஏற்றுங்கள்: முதல் வாரம் 20 கிராம் கொண்டைக்கடலை, அடுத்த வாரம் 35, பிறகு 50. வாயுவுக்கு முக்கியக் காரணம் பயறில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். எட்டு மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேக வைத்தால் அதில் கணிசமான பகுதி போய்விடும். சித்திரை வெயிலில் சேலத்தில் எட்டு மணி நேரம் அதிகம். ஆறு மணி நேரத்திலேயே நுரை கட்டிப் புளித்த வாடை வரும், நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்றுங்கள். தொல்லை இல்லாதவர்கள் ஊறிய தண்ணீரைக் கொட்ட வேண்டியதில்லை, அந்தச் சர்க்கரைகளும் பாக்டீரியாவுக்கு உணவுதான். நாரைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலச்சிக்கல் அதிகமாகும்.

இசப்கோல் போட்டால் போதாதா என்றால், மலம் இளகுவதற்கு அது அருமையான பொருள். ஆனால் பெரும்பாலும் நொதிக்காமல் அப்படியே வெளியே போகும். பாக்டீரியாவுக்குத் தீனியாகாது.

பழைய சோறு: எவ்வளவு உண்மை?

இன்ஸ்டாகிராமில் பழைய சோற்றுக்குக் கிடைக்கும் புகழில் பாதி நியாயமானது. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காததாக மாறும். அந்தப் பகுதி பெருங்குடலுக்குப் போகும். எவ்வளவு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. 2015-ல் வெள்ளைச் சோற்றில் அளந்தபோது, சுடச்சுட இருந்த சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம், பத்து மணி நேரம் அறை வெப்பத்தில் ஆறியதில் 1.30, ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்துச் சூடாக்கியதில் 1.65. இரண்டு மடங்கு என்று சொன்னால் பிரமாதமாகத் தெரியும், கிராமில் பார்த்தால் கூடுவது அதிகபட்சம் ஒரு கிராம் பக்கம்தான். சர்க்கரை நோயாளிகள் பழைய சோறு என்பதால் ஒரு கிண்ணம் கூடச் சாப்பிடுவது தப்புக் கணக்கு.

அதன் உண்மையான பெருமை, அடுப்பில் ஏறாமல் வாய்க்கு வரும் லாக்டிக் பாக்டீரியா. அப்புறம், கூடக் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயம். வெங்காயத்தில் உள்ள ஃபிரக்டான் பிஃபிடோ பாக்டீரியாவுக்கு மிகப் பிடித்தமான தீனி. ஐந்தாறு பச்சை வெங்காயம் இல்லாமல் பழைய சோற்றைச் சாப்பிடுவது எனக்குப் பாதி வேலையாகத்தான் படுகிறது.

செய்முறையில் ஒரு இடம் ஆபத்தானது. வெந்த சோற்றிலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைகள் பிழைத்துக் கிடக்கும். சோறு மூடிய பாத்திரத்தில் வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் இருந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சில் வாந்தியை உண்டாக்கும் வகை, திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. ஆகவே சோற்றைச் சீக்கிரம் ஆற வைப்பதுதான் முதல் வேலை. ராத்திரி மிச்சச் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்குக் கீழே ஆறியதும் மண் பானையிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ போட்டு, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரல் நிற்கும்படி ஊற்றுங்கள். சோறு தண்ணீருக்கு மேலே தலை நீட்டினால் அந்த இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். உப்பு காலையில் போட்டுக்கொள்ளலாம்.

இனி ஊர்க் கணக்கு. கோடையில் சேலத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஊற்றினால் காலை ஆறரைக்குத் தயார். மதியம் வரை வெளியே விட்டால் அமிலம் ஏறி, ஈஸ்ட் சேர்ந்து கள் வாடை அடிக்கும். ஏற்காடு 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தை ராத்திரியில் 13, 14 டிகிரிக்கு இறங்கும்போது அதே ஒன்பது மணி நேரத்தில் புளிப்பே வராது. வெறும் தண்ணீர் ஊற்றிய சோறாகக் கிடக்கும். முந்தின நாள் நீராகாரம் இரண்டு மேசைக்கரண்டியோ, ஒரு கரண்டி தயிரோ கலந்து, அடுப்பங்கரையில் கதகதப்பான மூலையில் 14 மணி நேரம் விட வேண்டும். எந்த ஊரானாலும் லேசான புளிப்பு வாடை, கலங்கிய தண்ணீர் சரி. நூல் நூலாக இழுத்தால், இளஞ்சிவப்போ கறுப்போ புள்ளி தெரிந்தால், மூக்கைத் திருப்ப வைக்கும் நாற்றம் வந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள்.

தயிர் உறையாத நாள்

தயிரில் வரும் பாக்டீரியா நம் குடலில் குடியேறுவதில்லை, சில நாளில் வெளியேறிவிடும். ஆகவே என்றோ ஒரு நாள் ஒரு லிட்டர் குடிப்பதைவிடத் தினமும் ஒரு கிண்ணம் மேல். 2021-ல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்து நடந்த ஆய்வு இதில் சுவாரசியமானது. புளித்த உணவுகளைத் தினமும் ஆறு பங்கு வரை பத்து வாரம் சாப்பிட்டவர்களுக்குக் குடல் பாக்டீரியாவின் வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சிக் குறிகள் குறைந்தன. நாரைக் கூட்டிய குழுவுக்கு அந்தக் காலத்துக்குள் வகைகள் கூடவில்லை. ஏற்கனவே இல்லாமல் போன வகையை நார் மட்டும் கொண்டுவராது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இரண்டும் வேண்டும்.

பாலைக் காய்ச்சி 40 முதல் 45 டிகிரிக்கு ஆற வையுங்கள், சுத்தமான விரலை விட்டால் சுடாமல் இதமாக இருக்கும் பதம். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உறை. சேலத்துக் கோடையில் நாலைந்து மணி நேரத்தில் உறையும், உடனே ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் புளித்துத் தண்ணீர் பிரியும். ஏற்காட்டுக் குளிரில் இரண்டு மூன்று தேக்கரண்டி விட்டு, ஹாட் பாக்ஸில் ஊற்றித் துண்டு சுற்றி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம். குளிரில் மெதுவாக உறையும் தயிர் கொழகொழவென்று இழுப்பது, அந்தச் சூட்டுக்கு ஒத்துவரும் வேறு வகை பாக்டீரியா மேலோங்கிவிட்டதால். உறையை மாற்றி, சூட்டைக் கூட்டினால் சரியாகும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பால் பாலாகவே கிடந்தால் பாலைச் சந்தேகப்படுங்கள். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாள் தள்ளாமல் ஊற்றியிருந்தால், அதில் உள்ள ஆன்டிபயாடிக் உறையில் இருக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அதே உறையை வேறு பாலில் போட்டுப் பாருங்கள். அதில் உறைந்தால் குற்றவாளி தெரிந்துவிட்டது.

மோர்க்குழம்பு கொதித்தால் பாக்டீரியா போயிற்று. அட்டைப் பெட்டியில், ஃபிரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும் மோரும் அப்படியே. வீட்டு மோருக்கு அது ஈடில்லை.

காபிப் பிரியர்களுக்கு ஒரு செய்தி. 2024-ல் வந்த பெரிய ஆய்வில், காபி குடிப்பவர்களின் குடலில் லாசோனிபாக்டர் என்ற ஒரு பாக்டீரியா மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்தது. அதனால் உடம்புக்கு என்ன ஆகிறது என்பது வேறு கேள்வி. நம் ஊர் ஃபில்டர் தூளில் கலக்கும் சிக்கரி வேரில் இயல்பாகவே இனுலின் என்ற நல்ல நார் உண்டு. வறுக்கும்போது அதில் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஏற்காட்டுக் காபியை ருசிக்காகக் குடியுங்கள்.

"ஒரு செட் மாத்திரை கொடுங்க"

இந்த வாக்கியம்தான் குடல் பாக்டீரியாவுக்கு நேரும் பெரிய அடி. இரண்டு நாள் சளி, ஒரு நாள் பேதி என்றாலே கடையில் நின்று ஆன்டிபயாடிக் வாங்கி, மூன்று மாத்திரையோடு நிறுத்துவது. சளிக் காய்ச்சலில் பெரும்பாலானவை வைரஸ், ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. பெருங்குடலில் உள்ளவற்றைத் தொடும். அழிந்தவை திரும்பி வர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் போன்ற கிருமி இடம் பிடித்தால் கடுமையான பேதி. பல ஆன்டிபயாடிக்குகள் 2014-லிருந்து அரசின் மருந்து விதிகளில் உள்ள ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன, சீட்டில்லாமல் விற்கக் கூடாது.

சாதாரண பேதிக்கு முதல் மருந்து ஓஆர்எஸ். ஒரு பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அதை ஒரு டம்ளரில் கொட்டிக் குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து, உப்பு ஏறிவிடும். குழந்தைகளுக்குக் கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10.

டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால், எத்தனை நாளுக்கு எழுதினாரோ அத்தனை நாளும் சாப்பிடுங்கள். கூடவே புரோபயாடிக் வேண்டுமா என்பதில் எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. 2018-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு பல வகை கலந்த புரோபயாடிக் எடுத்தவர்களுக்குச் சொந்த பாக்டீரியா திரும்ப வருவது, ஒன்றும் எடுக்காதவர்களைவிடத் தாமதமானது. வந்த விருந்தாளி திண்ணையை விடாமல் உட்கார்ந்துகொண்ட மாதிரி. டாக்டர் குறிப்பிட்ட வகையை எழுதினால் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள். சாக்கரோமைசஸ் போலார்டி மட்டும் ஈஸ்ட், அதை ஆன்டிபயாடிக் கொல்லாது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் கேட்காமல் எந்தப் புரோபயாடிக்கும் எடுக்கக் கூடாது.

மலத்தை அனுப்பினால் "உங்கள் குடல் மதிப்பெண்" தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் பரிசோதனைக்கு நான் பணம் கொடுக்கமாட்டேன். அந்த அறிக்கையை வைத்து மருந்தை மாற்றும் அளவுக்கு விஷயம் இன்னும் வளரவில்லை.

மேலே சொன்ன பயறும் வெங்காயமும் எல்லாருக்கும் ஒத்துவராது. எரிச்சல் குடல் நோய் (ஐபிஎஸ்) உள்ளவர்களுக்குக் கொண்டைக்கடலை, வெங்காயம், பூண்டு மூன்றும் வலியைக் கிளப்பும். அவர்கள் ராகி, அதிகம் பழுக்காத வாழைப்பழம், கேரட், வெண்டைக்காய் என்று ஆரம்பித்து, ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் சேர்த்து மூன்று நாள் பார்க்கலாம். குடல் அடைப்பு வந்தவர்கள், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயால் குடல் சுருங்கியவர்கள் நாரைக் கூட்டும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, தூக்கத்தைக் கெடுத்து எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மாறிய மலப் பழக்கம், இதில் எது இருந்தாலும் தயிரையும் ராகியையும் வைத்து நாளைக் கடத்தாமல் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.